டோலக்பூர் எந்தக் காலத்து ஊர்?

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில், காரவள்ளி அடிவாரத்தை எட்டுவதற்கு முன்பாக வருவது காளப்பநாயக்கன்பட்டி. காரவள்ளிக்கு மேலே தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவற்றுக்கு அப்பாலுள்ள ஆகாயகங்கை அருவியிலும் மனத்தை முன்கூட்டியே அனுப்பிவிடும் பயணிகள், இவ்வூரின் பெயரை நின்று படிப்பதில்லை. படித்தால் அப்பெயருக்குள்ளேயே ஒரு காலம் ஒடுங்கிக் கிடப்பது தெரியும். காளப்பன் ஆள்பெயர். நாயக்கன் என்பது விஜயநகரப் பேரரசின் படைத்தலைமையோடு தெற்கே இறங்கிவந்த பட்டம். பட்டி என்பது முதலில் மாட்டுக்கிடை, பின்னர் அதைச் சுற்றி எழுந்த சிற்றூர். ஆளின் பெயரும் அவன் அதிகாரமும் அவ்வூரின் பிழைப்பும் ஒரே சொல்லில் கோத்து நிற்கின்றன.

இப்பெயரைப் பேருந்துப் பலகையில் நாள்தோறும் பார்த்து வளரும் ஒரு சிறுமிக்கு இன்னோர் ஊரின் பெயரும் நன்றாகத் தெரியும். அது டோலக்பூர். ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் ராஜீவ் சிலகாவின் தலைமையில் உருவாக்கி, 2008 ஏப்ரலில் போகோ தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சோட்டா பீம்’ என்னும் அசைபடத் தொடரின் ஊர் அது. ஒன்பது வயதுப் பீமன், லட்டு தின்றால் பெருகும் அவன் வலிமை, தோழி சுட்கி, சிறுவன் ராஜு, பேசும் குரங்கு ஜக்கு, பொறாமைக்காரக் காலியா, அவனுடைய இரட்டை எடுபிடிகளான டோலு, போலு, லட்டுக்கடை நடத்தும் டுன்டுன் மவுசி, அரசர் இந்திரவர்மா, இளவரசி இந்துமதி, கொள்ளைக்காரன் மங்கள் சிங், மலையில் தவம் செய்யும் தூனி பாபா. தமிழ்க் குரலிலும் ஒளிபரப்பாகிய இத்தொடரைக் காணாத குழந்தை இத்தலைமுறையில் அரிது.

இலக்கிய இதழ் படிக்கும் அன்பர்கள் குழந்தைகளின் கேலிச்சித்திரத் தொடரைப் பற்றி இங்கு என்ன பேச்சு என்று புருவம் உயர்த்தக்கூடும். அரசர், அரண்மனை, கோட்டை, மந்திரவாதி, மல்லர், பொற்காசு என்று ஒரு முழு இடைக்காலம் நாள்தோறும் நம் கூடங்களுக்குள் வந்துபோகிறது. நூற்றுக்கணக்கான கல்வெட்டுத் தொகுதிகள் தராத ஒரு ‘பழங்காலக் காட்சி’யை அது பல கோடிப் பிள்ளைகளின் மனத்தில் வரைந்துவிட்டது. அந்தப் பழங்காலம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்பது வரலாற்று ஆர்வலர் கடமையென்றே கருதுகிறோம்.

டோலக்பூருக்கு ஆண்டும் இல்லை, வமிசமும் இல்லை. பீமன் என்ற பெயர் மகாபாரதத்தினுடையது. பக்கத்து ஊரான பஹல்வான்பூரின் மல்லனுக்குக் கீசகன் என்று பெயர். விராட பர்வத்தில் வீமனால் கொல்லப்பட்டவனின் பெயரைத் தாங்கி வந்தவன். ஆனால் பெயர்களுக்கு மேல் பாரதத்தின் சாயல் ஏதுமில்லை. அவ்வூர்ப் பிள்ளைகள் கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள். 2012இல் திரையரங்குகளில் வெளியான ‘தம்யானின் சாபம்’ என்ற படத்தில் பீமனும் தோழர்களும் காலத்தில் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்கிறார்கள். படம் வெளிவந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 1012, அதாவது இராசேந்திரன் தன் தந்தை இராசராசனோடு இணையரசனாகப் பட்டம் ஏற்ற ஆண்டு! ஆனால் டோலக்பூரே ஒரு பழங்கால ஊராயிற்றே, அங்கிருந்து ஆயிரம் ஆண்டு பின்னே போனால் எங்கு போய்ச் சேர்வது என்று கேட்டால் விடையில்லை.

இப்படிக் காலத்தைக் குழைத்துக்கொள்வது நம்மவர் மட்டும் செய்யும் காரியமன்று. மேலைநாட்டுப் பிள்ளைகளின் மனத்தில் பதிந்திருக்கும் ‘இடைக்காலக் கோட்டை’யின் கதையும் இதுதான். கலிபோர்னியாவில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் கோட்டைக்கு முன்மாதிரி பவேரியாவிலுள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் மாளிகை. அதைக் கட்டத் தொடங்கியது 1869இல், நீராவி ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்! இரண்டாம் லுட்விக் மன்னன் பழைய வீரக்கதைகளின் மீது கொண்ட மையலால் எழுப்பிய பொய்யிடைக்காலம் அது. பொய்யைப் பார்த்து எடுத்த நகல் உலகெங்கும் உண்மையாகிவிட்டது.

நம் பொய்யிடைக்காலத்தின் வேர்களைத் தேடினால் முதலில் அகப்படுவது நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) காலத்து நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகத் தூக்கிச்சென்ற பெட்டிகளில் ஒரு தர்பார் சீன், ஒரு காட்டுச் சீன், ஒரு தெருச் சீன் இருந்தால் எந்தப் புராணத்தையும் எந்த அரச கதையையும் நடத்திவிடலாம். அல்லி அர்ஜுனாவானாலும் கோவலன் கதையானாலும் பின்னே தொங்குவது அதே வளைவுகளும் தூண்களும் கொண்ட தர்பார்த் திரைதான். அத்திரையில் சோழனும் இல்லை, பாண்டியனும் இல்லை. ரவிவர்மாவின் அச்சுப்படங்களும் அன்றைய ஜமீன் மாளிகைகளும் கலந்த பொதுப்படையான ‘ராஜா காலம்’ ஒன்று இருந்தது. இச்சொல்லைக் கவனியுங்கள். நம் பாட்டிமார் கதை தொடங்கும்போது சோழர் காலம், பல்லவர் காலம் என்றா தொடங்கினர்? ராஜா காலம் என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

அடுத்த படி திரைப்படமும் அம்புலிமாமாவும். இவ்விரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதே. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினர். அதே இருவரின் விஜயா நிறுவனம் 1951இல் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் ‘பாதாள பைரவி’யைத் தெலுங்கிலும் தமிழிலும் தந்தது. தோட்டக்காரன் மகன் ராமன் நாட்டின் இளவரசியை விரும்புகிறான், எஸ். வி. ரங்காராவின் நேபாள மந்திரவாதி குறுக்கிடுகிறான். பாதாளத்தில் தேவியின் சிலை. வீரத்தாலும் சமயோசிதத்தாலும் வெற்றி. மன்னனின் படை எதற்கும் பயன்படாது. குடிமகன் ஒருவனே நாட்டைக் காக்கவேண்டும். சோட்டா பீமின் ஒவ்வொரு கதையும் ஏறத்தாழ இந்த அச்சில் வார்த்ததே. இன்னொன்றும் உண்டு. பாதாள பைரவியின் இளவரசிக்கு என்ன பெயர்? இந்துமதி!

இரகுவம்சத்தில் அயனை மணந்தவளும் இந்துமதிதான். ஆகவே இப்பெயரொற்றுமையை மட்டும் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று முடிவுகட்டுதல் தகாது. எனினும் தெலுங்கு நாட்டில் பிறந்த ஓர் அசைபடத் தொடரின் அரண்மனை, தெலுங்கர் கொண்டாடிய ஜனரஞ்சக மாயாஜாலப் படத்தின் அரண்மனைக்கு உறவில்லாதது என்றும் சொல்ல இயலாது. சோட்டா பீமுக்கு முன்பே கிரீன் கோல்டு நிறுவனம் விக்ரமாதித்தன் வேதாளக் கதைகளைத் தொடராக எடுத்திருந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். அக்கதைகளை நம் தலைமுறைக்கு முதலிற் காட்டியவர் அம்புலிமாமாவின் ஓவியர் சங்கர், அதாவது கொங்கு நாட்டிற் பிறந்த கே. சி. சிவசங்கரன் (1924–2020). உருவிய வாளோடு, தோளிற் சடலத்தைச் சுமந்து, மயானத்தின் ஊடே நடக்கும் அவருடைய விக்ரமனைப் பார்த்தவர் மறக்கமாட்டார். அம்மன்னனின் மீசை, அணிகலன், இடைக்கச்சை ஆகியவை எந்த நூற்றாண்டினவென்று அன்று ஒருவரும் கேட்டதில்லை. இன்று அம்புலிமாமா வெளிவருவதில்லை. ஆனால் அதன் ராஜா காலம் தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இதுவரை சொன்னவை அனைத்தும் நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குட்பட்டவை. அப்படியானால் இத்தொடரில் மெய்யான இடைக்காலம் சிறிதும் இல்லையா? இருக்கிறது. அது அரண்மனையில் இல்லை, கதையில் இருக்கிறது.

வேதாளக் கதைகள் பதினோராம் நூற்றாண்டுக் காசுமீரத்தில் சேமேந்திரராலும் சோமதேவராலும் தத்தம் நூல்களுட் சேர்க்கப்பட்டவை. இருவரும் குணாட்டியரின் பிருகத்கதையைத் தழுவியே தம் நூல்களைச் செய்தனர். பைசாச மொழியில் இயற்றப்பட்டு மறைந்துபோன அப்பெருநூலுக்கு இவர்களுக்கும் முற்பட்ட ஒரு தமிழ்வழி உண்டு. அதுவே கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை. உ. வே. சாமிநாதையர் 1924இல் அதனைப் பதிப்பித்தார். முதலும் முடிவும் கிடைக்கவில்லை. ஆசிரியரின் ஊராகச் சொல்லப்படும் விசயமங்கலம் இன்றைய ஈரோடு மாவட்டத்தில், கொல்லிமலையிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளது. காசுமீரத்துக் கதைக்கடலும் கொங்கு நாட்டுப் பெருங்கதையும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள்!

பெருங்கதையின் உதயணன் எப்படிச் சிறைப்படுகிறான்? யானையின் மேற் பெருவிருப்புக் கொண்ட அவனைப் பிடிக்க, பகையரசன் ஓர் இயந்திர யானையைச் செய்வித்து, அதன் வயிற்றுக்குள் வீரரை ஒளித்துக் காட்டில் விடுகிறான். சீவக சிந்தாமணியில் கருவுற்ற அரசி விசயை மயிற்பொறியில் ஏறி வானில் தப்பிச் செல்கிறாள். இன்றைய அசைபட எழுத்தாளர் ஒருவர் இவற்றை எழுதித் தந்தால் மிகைக்கற்பனை என்று சிரிப்போம். ஆனால் கல்லில் வரியையும் நிலத்தையும் பொறித்து வைத்த அதே நூற்றாண்டுகளின் மக்கள் இவற்றையும் ஓலையில் எழுதி, அவையிற் படித்து மகிழ்ந்தார்கள். பேசும் விலங்கும் பறக்கும் பொறியும் மாயக்காரனும் இடைக்காலத்தைப் பற்றி நாம் பின்னாளிற் கட்டிய பொய்கள் அல்ல. இடைக்காலத்தார் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட கதைகள். அவ்வகையில் டோலக்பூரின் மந்திரவாதி, டோலக்பூரின் அரண்மனையை விடப் பழைமையானவன்.

கொல்லிமலைக்கு இதிற் சொந்தமான பங்கொன்றும் உண்டு. இடைக்காலத்துக்கும் முந்திய சங்கப் பாடல்களிலேயே கொல்லிப்பாவை வந்துவிடுகிறது. தெய்வம் அமைத்ததாகப் புலவர் பாடும் அப்பாவையின் அழகு தலைவியின் அழகுக்கு உவமையாயிற்று. பிற்காலக் கதைகளிலோ அது சிரித்து மயக்கிக் கொல்லும் பாவையாகிவிட்டது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியை மாய்த்து, கடைசியிற் புற்றிலிருந்த உடும்பிற் போய்த் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றிற் பாடியிருக்கிறார். படம் படமாகப் பிரித்து வரைந்தால் அசைபடத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வேறில்லை என்பது நம் துணிபு. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டையொட்டி மலைமேல் அரசு நடத்தும் விழா அந்த ஓரியின் பெயரால்தான். சேரனுக்காக மலையமான் காரி அவனைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்ற முடிவைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இனி டோலக்பூரின் அளவைப் பார்ப்போம். இதுவே நமக்கு மிகுந்த வியப்பளித்தது. டோலக்பூர் ஒரு பேரரசன்று. ஒரே ஊர். அவ்வூரின் நடுவே அரசர். அரசரைத் தெருப்பிள்ளைகள் நேரிற் காண்கிறார்கள். அவரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஊரெல்லை முடிந்ததும் காடு, காட்டையடுத்து மலை, காட்டுவழியிற் கொள்ளைக்காரன். பக்கத்திலேயே இன்னோர் ஊர், அங்கும் ஓர் அரசர். இத்தகைய அரசு சோழ மண்டலத்தில் இருந்ததில்லை. ஆனால் காளப்பநாயக்கன்பட்டியைச் சுற்றி இருந்தது. அதற்குப் பாளையம் என்று பெயர்.

பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கர், தளவாய் அரியநாத முதலியாரின் துணையுடன் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஊர் ஊராகச் சிதறிய சிறு அரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன், ஒரு கோட்டை அல்லது மண்ணரண், ஒரு சிறுபடை. வருவாயில் மூன்றிலொரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச்செலவுக்கு, எஞ்சியது தலைவனுக்கு என்று கணக்குச் சொல்வார்கள். காளப்பநாயக்கன்பட்டிக்கு அண்மையிலுள்ள சேந்தமங்கலம் அத்தகைய ஒரு தலைமையிடம். நாமக்கல் பாறையின் உச்சியில் இன்று நாம் காணும் கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டிற் சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர் கட்டினார் என்பது ஒரு வழக்கு. மைசூர் அதிகாரியான லட்சுமிநரசய்யா கட்டினார் என்பது இன்னொரு வழக்கு. அப்பாறையின் சரிவுகளிலே எட்டாம் நூற்றாண்டின் அதியர் மரபினர் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் இருக்கின்றன. ஒரே பாறையில் ஒன்பது நூற்றாண்டுகள்!

இராமச்சந்திர நாயக்கரை நேரிற் கண்ட ஓர் அயல்நாட்டார் உண்டு. இத்தாலியரான தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்ட 1623இல் சேந்தமங்கலம் வந்தார். காவியுடையில் வந்த வெள்ளைத் துறவியை நாயக்கர் மதிப்போடு வரவேற்றார். மலையடிவாரத்துச் சிற்றரசு, மக்களால் எளிதில் அணுகக்கூடிய தலைவன், தொலைவிலிருந்து வரும் விசித்திரமான துறவி. தூனி பாபா இல்லாமலே இது டோலக்பூரின் ஒரு கதைபோலத்தான் இருக்கிறது.

ஆனால் இங்கேதான் தொடரும் வரலாறும் பிரியுமிடம் வருகிறது. டோலக்பூரில் வரி இல்லை.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இடைக்காலத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள கல்லெழுத்துகளிற் பெரும்பகுதி நிலத்தையும் நீரையும் வரியையும் பற்றியதே. தறிக்குத் தறியிறை. செக்குக்குச் செக்கிறை. குயவருக்குக் குசக்காணம். பொற்கொல்லருக்குத் தட்டார்ப்பாட்டம். வண்ணார் துணி தப்பும் கல்லுக்கு வண்ணாரப்பாறை. கள் இறக்கினால் ஈழம்பூட்சி. ஊரைக் காப்பதற்கென்று நாடுகாவல். சுங்கத்தை நீக்கினான் என்பதற்காகவே முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டம் கிடைத்தது என்றால், சுங்கம் எவ்வளவு அழுத்தியிருக்கவேண்டும்! டுன்டுன் மவுசி சோழர் காலத்தில் லட்டுக்கடை வைத்திருந்தால் அவளுடைய கடைக்கும் ஓர் இறை பிறந்திருக்கும். பீமன் கடனாகத் தின்ற லட்டுகளுக்கும் சேர்த்து அவள் கட்டியிருப்பாள்.

டோலக்பூரிற் பொற்காசு என்பது பரிசு. போட்டியில் வென்றவனுக்கு அரசர் கையாற் கொடுக்கும் பை. திருப்பாம்புரத்தில் 1201இல் பொறித்த கல்வெட்டிலும் காசு வருகிறது. பஞ்சத்தில் நெல் விலை ஏறி, உயிர் பிழைக்க வழியின்றி, வேளாளர் ஒருவர் தம் இரு பெண்களோடு தம்மையும் சேர்த்துக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். விலை 110 காசு. இவ்விரண்டு காசுகளும் ஒரே காலத்தின் காசுகளே. ஒன்று கதையில் வழங்கியது, ஒன்று கல்லில் வழங்கியது.

கொள்ளைக்காரன் மங்கள் சிங்கையே எடுத்துக்கொள்வோம். அவன் வந்தால் அரசர் கலங்குகிறார், பீமன் லட்டு தின்று ஓடி வருகிறான், கொள்ளைப்பொருள் மீள்கிறது. பாளைய நாட்டில் இதற்கு ஒரு முறையே இருந்தது. பெருவழிகளைக் காப்பதற்குத் தேசகாவல், ஊர்களைக் காப்பதற்குத் தலகாவல் என்று பாளையக்காரரும் அவர்தம் காவற்காரரும் குடிகளிடமிருந்து கட்டணம் பெற்றனர். களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும், அல்லது ஈடு செய்யவேண்டும். வீரம் அங்கு ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு, அக்கூலி சிலவேளை களவை விடக் கொடிதாகவும் இருந்தது. காவற்காரனுக்கும் கள்ளனுக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெலிதாக இருந்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கும்பினி ஆவணங்கள் பக்கம் பக்கமாகப் புலம்புகின்றன. அப்புலம்பலில் கும்பினியின் தன்னலமும் கலந்திருந்தது என்பது வேறு.

போரும் அவ்வாறே. டோலக்பூரின் போர்களில் யாரும் சாவதில்லை. அடிபட்டவனின் தலையைச் சுற்றி விண்மீன்கள் மட்டும் சுழலும். 1650களில் மைசூரின் கந்தீரவ நரசராசனது படை சத்தியமங்கலம் வழியே திருமலை நாயக்கரின் நாட்டுக்குட் புகுந்தது. அப்படை எதிர்ப்பட்டவர்களின் மூக்கை அறுத்து மூட்டை மூட்டையாக ஊருக்கு அனுப்பியது என்றும், மதுரைப்படை திருப்பி அடித்து அதையே மைசூரில் செய்தது என்றும் அக்காலத்துச் செய்திகள் கூறும். மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். இதைப் பிள்ளைகளுக்குப் படமாகக் காட்டவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. எந்த நாட்டிலும் எவரும் காட்டமாட்டார்கள்.

நம் நண்பர் வட்டத்தில் இத்தொடர் குறித்துக் கடுமையான கருத்துடையோர் உண்டு. வடநாட்டுப் பெயர்களும் லட்டும் டோலக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் கற்பனையை ஆக்கிரமித்துவிட்டன என்பது அவர்கள் குறை. அக்குறையில் நமக்கு முழு உடன்பாடில்லை. அம்புலிமாமாவின் விக்ரமனும் உச்சயினிக்காரனே. அவனைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் பின்னர் கல்வெட்டுகளையும் தேடிப் போயிற்று. 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்குக்காகத் திருவனந்தபுரத்தின் டூன்ஸ் நிறுவனம் எடுத்த தெனாலிராமன் தொடர் விஜயநகரத்தையே களமாகக் கொண்டிருந்தது. கிருஷ்ணதேவராயர் (1509–1529) என்ற வரலாற்று மன்னரே அதில் வந்தார். அதனால் அது மெய்வரலாறாகிவிட்டதா? தெனாலி இராமகிருஷ்ணர் அவருடைய அவையில்தான் இருந்தாரா, சற்றுப் பிற்பட்டவரா என்று அறிஞரிடையே இன்றும் வழக்கு நடக்கிறது. மெய்ப்பெயர் சூட்டிய தர்பாரும் அதே பழைய தர்பார்ச் சீன்தான். அதைவிட, எந்த மன்னரின் பெயரையும் சொல்லாமல் தன்னைக் கற்பனை என்று ஒப்புக்கொள்ளும் டோலக்பூர் நேர்மையானது என்று தோன்றுகிறது.

குறையென்று நமக்குப் படுவது வேறு. டோலக்பூரில் உழுபவர் இல்லை. ஏரியில் மதகு திறப்பவர் இல்லை. நெல் எங்கிருந்தோ வருகிறது, லட்டுக்கு மாவு எங்கிருந்தோ வருகிறது. மலையில் ஒரு சாமியார் இருக்கிறாரே தவிர மலைமக்கள் இல்லை. கொல்லிமலையிலோ மலைமக்களே மலை. மலையாளிகள் என்று வழங்கும் அம்மக்கள் (கேரளத்தாரோடு தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருள்) தம் முன்னோர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர்கள் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிற் குடியேறினர் என்றும் கதை சொல்வார்கள். ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று அவர்களுக்கு அடுக்கடுக்கான தலைமை உண்டு. அரசர் இல்லாத ஆட்சி அது.

அம்மலையின் ஊராட்சிப் பெயர்களைப் பாருங்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, தின்னனூர் நாடு. சோழர் கல்வெட்டுகளில் ஊருக்கு மேல், வளநாட்டுக்குக் கீழ் அமைந்த ஆட்சிப்பிரிவுக்கு நாடு என்று பெயர். சமவெளியில் அச்சொல் அரசு ஏடுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. மலைமேல் அது இன்றும் ஊராட்சிப் பலகைகளில் வண்ணத்தில் எழுதப்பட்டு நிற்கிறது. கீழே நாயக்கன்பட்டி, மேலே நாடு. ஒருமணி நேரப் பேருந்துப் பயணத்தில் நாயக்கர் காலத்திலிருந்து சோழர் காலத்துக்கு ஏறிவிடலாம். பீமன் தம்யானைத் தேடிப்போன அதே திசையில்தான்.

உழவரும் ஆயரும் இடைக்காலக் கல்லில் இல்லாமற் போகவில்லை. கொங்கு நாட்டில் புலிகுத்திக் கற்கள் பல உண்டு. ஆட்டுப்பட்டியையோ மாட்டுப்பட்டியையோ காக்கப் புலியோடு பொருது இறந்தவனுக்கு ஊரார் எடுத்த கற்கள். பாயும் புலி, அதன் உடலில் ஈட்டியைச் செலுத்தும் வீரன். காளப்பநாயக்கன்பட்டியின் பெயரிலுள்ள அந்தப் பட்டிதான் அவன் காத்த பட்டி. லட்டு தின்னாமல் புலியோடு மோதியவன் அவன்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், நட்ட ஒரு கல் இருக்கிறது. தொறு மீட்கும் பூசலிற் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. வீரன் வில்லோடு நிற்க, அவன் பின்னே ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுத் தன் தலைவனருகே காவல் நின்றது என்றும் அக்கல்லே சொல்கிறது. ஜக்குவுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டு மூத்த துணை. அந்தக் கல்லில் மன்னனின் பெயர் ஆண்டுக்கணக்குக்காக மட்டுமே வருகிறது. உருவம் வீரனுக்கும் அவன் நாய்க்கும்தான்.